எந்தப் பக்கத்தில் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தீர்கள்?

தாழ்ப்பாள் நோட்டு:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 44. பகல் முழுக்க டெலிவரி சலான், ஜிஎஸ்டி, நூல் விலை. ராத்திரி பத்தரைக்கு மேல் பேய்க்கதை. இருபது வருஷமாக இதுதான் பழக்கம். "காசு குடுத்து யாராச்சும் பயத்த வாங்குவாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஷேர் மார்க்கெட்டில் அவர் வாங்குவது என்னவாம் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை.

2011ல், மகள் பாதி எழுதிப் போட்டுவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஒரு கணக்கு ஆரம்பித்தேன். எந்தப் புத்தகம் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி, மொட்டைமாடிக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்க வைக்கிறதோ, அதன் பெயர், பக்க எண், எதனால் என்று ஒரு வரி. கரண்ட் போனதால் வந்த பயம் கணக்கில் சேராது. இன்றுவரை 63 வரிகள். (கிண்டிலில் பக்க எண் சரியாக வருவதில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு அது தனி வயிற்றெரிச்சல்.)

போன வாரம் வருஷக் கணக்கு முடித்த அலுப்பில் நோட்டைப் புரட்டினேன். ரத்தம் என்று எழுதிய வரி இரண்டோ மூன்றோதான். மீதியெல்லாம் சின்னச் சின்ன சமாச்சாரங்கள்.

'டிராகுலா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897ல் வந்த நாவல். எல்லோரும் கோரைப்பல்லைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்குவதைச் சொல்வார்கள். பல்லி நம் வீட்டில் தினம் பார்க்கிற ஜந்து, மேலே விழுந்தால் பலன் பார்ப்போம், அவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு இடம். விருந்தாளியாக வந்த ஜோனதன் அத்தனை பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரனைக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் பார்த்தால், பிரபுவே அவனுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவுக் கீல் இடுக்கு வழியாகப் பார்க்கிறான்: சாப்பாட்டு மேஜையில் தட்டு எடுத்து வைப்பதும் அவரேதான். அப்படியென்றால் கோட்டையில் வேறு ஆளே இல்லை. அப்படியென்றால் அன்று ராத்திரி தன்னைக் கூட்டிவந்த வண்டிக்காரனும்... அங்கே எழுந்துவிட்டேன்.

எம்.ஆர். ஜேம்ஸின் விசில் கதை, 1904ல் வந்த தொகுப்பில் இருப்பது. கடற்கரை ஊர் விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை. தங்கியிருப்பவர் ஒருத்தர். காலையில் வேலைக்காரப் பெண், கூடுதல் கம்பளியை எந்தக் கட்டிலில் போடட்டும் என்று கேட்கிறாள். இரண்டு கட்டிலும் கலைந்திருந்ததாம், இரண்டையும்தான் சரிசெய்தாளாம்.

ஷெர்லி ஜாக்சனின் ஹில் ஹவுஸ் நாவலில் (1959) இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்தபடி படுத்திருக்கிறாள் எலினார். வெளிச்சம் வருகிறது. தோழி அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள்.

பிரச்சினை என்னவென்றால், எட்டு மாதமாக நோட்டில் புது வரி ஏறவில்லை. கிடைப்பதெல்லாம் குடல், கோடாரி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது, பயமா வருகிறது?

அதனால் கேட்கிறேன். 'சிறந்த பத்து' பட்டியல் வேண்டாம். உங்களை எழுப்பிய அந்த ஒரு இடம் எது? இருள் மாயக்கதையும் (டார்க் ஃபேன்டசி) சொல்லலாம். ஆனால் முன்னால் நாலு பக்கத்துக்கு ராஜவம்சக் கொடிவழி போட்டிருந்தால் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும்.

கோட்டான் 600042:

அக்கா, அந்த நோட்டை போட்டோ எடுத்துப் போடுங்க, கோயில் கட்டிடலாம்.

நான் முழுக்க டார்க் ஃபேன்டசி ஆளு. கொடிவழி இல்லாத ஒண்ணு சொல்றேன். கிறிஸ்டோபர் புயல்மன் எழுதின 'பிட்வீன் டூ ஃபயர்ஸ்', 2012. கதை நடக்கிறது 1348ல, பிரான்ஸ்ல, பிளேக் ஊரையே துடைச்சிட்டுப் போற நேரம். தாமஸ்னு ஒருத்தன், முன்னாடி வீரன், இப்போ வழிப்பறி. அப்பனைப் பிளேக்குக்குக் குடுத்த ஒரு சின்னப் பொண்ணு அவன்கூட ஒட்டிக்குது. ஒரு ஊர்ல ஆத்துக்குள்ள ஒரு ஜந்து இருக்கு, அதைக் கொல்லணும். படிக்கும்போது உடம்பெல்லாம் ஈரமாயிட்ட மாதிரி இருக்கும். ஆனா உண்மையா பயம் வந்தது அதுல இல்ல. நரகம் சொர்க்கத்து மேல படையெடுக்குது, மேல இருந்து கடவுள் ஒரு பதிலும் சொல்லல. தூங்குறாரா, போயிட்டாரா, யாருக்கும் தெரியல. ஜனங்க பாட்டுக்கு ஜெபம் பண்ணிட்டே சாகுறாங்க. எனக்கு சாமி நம்பிக்கை எல்லாம் பெருசா கிடையாது. இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி அம்மா ஏத்தி வெச்ச விளக்கு அணைஞ்சிருக்கான்னு போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் கணக்குல வருமா?

படக்கதை பிடிச்சா 'பெர்செர்க்'. கென்டாரோ மியூரா 1989ல ஆரம்பிச்சு 2021ல சாகிற வரைக்கும் வரைஞ்சது. ஆனா அதுல குடல் நிறைய, முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு ரத்தமும் வேணும், மன்னிச்சிடுங்க.

பைபாஸ் வீடு:

நான் பாதியில் மூடிய புத்தகத்தைச் சொல்லலாமா?

ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'. எங்கள் வீடு நாலுவழிச் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். மகனுக்கு அப்போது இரண்டு வயது, கேட் திறந்திருந்தால் ஓடுவான். கதையிலும் அதேதான்: வீட்டு முன்னால் லாரிகள் பறக்கிற ரோடு, அதில் அடிபட்ட நாய் பூனைகளுக்குப் பிள்ளைகள் உண்டாக்கிய புதைகாடு, ஒரு சின்னப் பையன். புதைத்த பூனை திரும்பி வருகிற இடம் வரைக்கும் தாங்கினேன். அது கடிக்கவோ பாயவோ இல்லை. முன்பு போலத் துள்ளத் தெரியாமல் தட்டுத்தடுமாறி நடக்கிறது, மேலே மண் வாடை. அடுத்தது யார் என்று புரிந்துவிட்டது. மூடிப் பரணில் போட்டேன்.

கிங்கே மெய்ன் மாகாணத்தில் அப்படி ஒரு ரோட்டோரம் குடியிருந்தவர், அவர் மகளின் பூனை அங்கே அடிபட்டுச் செத்ததுதான் கதைக்கு விதை. எழுதி முடித்துவிட்டு, இது ரொம்ப அதிகம் என்று அவரே ஓரமாக வைத்துவிட்டாராம். 1983ல்தான் வெளியே வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மகனுக்கு இப்போது ஒன்பது வயது. புத்தகம் இன்னும் பரணில்தான்.

தாழ்ப்பாள் நோட்டு:

கோட்டான் தம்பி, விளக்கும் கணக்கில் வரும். பைபாஸ் சார், படிக்காத பக்கத்துக்கு என் நோட்டில் இதுவரை பத்தி இல்லை. உங்களுக்காக ஒன்று போடுகிறேன். பரணிலிருந்து எடுக்க வேண்டாம்.

பனைவடலி, ஒஸ்லோ:

அக்கா, நான் இஞ்ச நோர்வேயில இருக்கிறன். சுவீடன்காரர் லிண்ட்க்விஸ்ட் 2004ல எழுதின ரத்தக்காட்டேரி நாவல் ஒண்டு இருக்கு, 'லெட் த ரைட் ஒன் இன்' எண்டு இங்கிலீசில. கதை 1981ல, ஸ்டொக்ஹோம் ஓரத்தில பிளாக்கபெரி எண்ட இடத்தில நடக்குது. கோட்டையும் இல்லை, மலையும் இல்லை. அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டின அடுக்குமாடியள். ஒன்பதாயிரம் சனம் இருக்கிற இடத்தில ஒரு தேவாலயம்கூட இல்லை, அந்த இடத்துக்குப் பழைய காலமே இல்லை எண்டுதான் ஆசிரியர் தொடங்குறார். எனக்கு அதுவே காணும். நாங்கள் வந்து இறங்கின இடமும் அப்பிடித்தான் கிடந்தது. அயலில ஆர் இருக்கினம் எண்டு ஆருக்கும் தெரியாது.

ரத்தக்காட்டேரி ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளை உள்ளுக்கு வாறதெண்டால் வீட்டுக்காரர் 'வா' எண்டு சொல்லவேணும். ஒரு இடத்தில அதோட சிநேகிதமான பெடியன், 'வா' எண்டு சொல்லாட்டி என்ன நடக்கும் பாப்பம் எண்டு பகிடியா நிக்கிறான். அவன் சொல்லாமலே அது உள்ளுக்கு வருது. பிறகு நடக்கிறதை நீங்களே வாசியுங்கோ. ரத்தம்தான், ஆனால் கறிக்கடை ரத்தம் இல்லை.

அம்மம்மா சொல்லுவா, இரவில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரத்திலேயே 'ஓம்' எண்டு சொல்லாதே எண்டு. இப்பவும் இஞ்ச அழைப்புமணி அடிச்சால் நான் உடன எழும்பிறேல்லை. மனுசி ஏசுறா.

பழைய தமிழ் வாத்தியார்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. பிரபு படுக்கை விரிப்பது, மேஜைக்குத் தட்டு வைப்பது, கலைந்த கட்டில். உங்களைப் பேய் பயமுறுத்துவதில்லை. பேய் வீட்டுவேலை செய்வதுதான் பயமுறுத்துகிறது. அதற்கு நம்மிடம் பழைய சரக்கு நிறைய உண்டு.

கலிங்கத்துப்பரணியைப் பரீட்சைக்காக இரண்டு பாட்டு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். காளியின் பேய்கள் பசியில் கிடக்கின்றன. பனங்காடு முழுவதும் கால் கை முளைத்து நிற்பது போலிருக்கின்றன என்கிறார் செயங்கொண்டார். போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைக்க வேண்டும். அதற்குமுன் என்ன செய்கின்றன? பல் விளக்குகின்றன. விழுந்த யானையின் தந்தம் பல்குச்சி, அதன் விலா எலும்பு நாக்கு வழிப்பான். பிறகு குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பார்த்துப் பார்த்துப் பந்தி. வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பரணி அந்தச் சிரிப்புக்காக எழுதியதுதான்.

சிரிப்பு வராத இடம் வேண்டுமானால் காரைக்கால் அம்மையாரிடம் போங்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம், இரண்டாம் பாட்டு. சுடுகாட்டில் ஒரு பேய், கள்ளிக் கிளை நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. கொள்ளிக்கட்டையை எடுத்து, கரியை மசித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. பிறகு 'வெடுவெடென்ன நக்கு' என்று வருகிறது. நக்கு என்றால் சிரித்து. இந்தச் சொல்லுக்கு எத்தனை வருஷம் வகுப்பில் கூச்சல் அடக்கியிருக்கிறேன் தெரியுமா! அடுத்த சொல்தான் முக்கியம்: 'வெருண்டு'. தானே சிரித்த பேய், தானே மிரண்டு பக்கவாட்டில் பார்க்கிறது. எதைக் கண்டு மிரண்டது என்று அம்மையார் சொல்லவில்லை. தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர், அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாழ்ப்பாள் நோட்டு:

ஐயா, உங்கள் பதிலை மதியம் ஆபீஸிலேயே படித்துவிட்டேன். நல்ல வெயில், பக்கத்தில் தையல் மெஷின் சத்தம், ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி பாட்டைத் தேடி எடுத்து உரையோடு படித்தேன். மை தீட்டுகிற வரைக்கும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். 'வெருண்டு' வந்ததும் மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது.

வீட்டுவேலை என்று நீங்கள் சொன்ன பிறகு நோட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். முதல் வரியே புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', 1943ல் கலைமகளில் வந்த கதை. எதனால் என்ற இடத்தில் 'வாசனை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நடுராத்திரி நல்ல வாசனையாகவும் பிணவாடையாகவும் வருமே, அது. பதினாலு வருஷமாக வாசனைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று திரும்பப் படித்தேன். அந்தக் காஞ்சனை வீட்டுக்குள் எப்படி வருகிறாள்? வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்தவளை, வீட்டு வேலைக்கு ஆகட்டும் என்று அந்த வீட்டம்மாதான் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொள்கிறாள். ஒஸ்லோ தம்பி, 'வா' என்று சொன்னது இங்கேயும் வீட்டுக்காரிதான் பாருங்கள்.

பழைய வரியை அடிக்க மனசில்லை. பக்கத்திலேயே பென்சிலால் 'வேலைக்காரி' என்று எழுதினேன். 64: திருவாலங்காடு, பாட்டு 2, மிரண்டு பார்த்தது.

லிண்ட்க்விஸ்ட் ஆர்டர் போட்டாயிற்று. புயல்மனை அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் பார்க்கிறேன்.

பனைவடலி, ஒஸ்லோ:

அக்கா, புத்தகம் கொண்டு வாற ஆள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ரெண்டாம் தரம் கூப்பிட்ட பிறகு போங்கோ.