"கம்பாட்டிபிள்" = ஒவ்வுபெயர்? (முந்தின மடலுக்குப் பதில்)

வணக்கம் அண்ணன்,

போர்டில என்னென்ன சில்லு (சிப்) கிடக்கு எண்டு ஓஎஸ்ட மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்லுறதுதான் டிவைஸ் ட்ரீ ஃபைல். அதுல ஒரு சில்லுக்கு எந்த டிரைவர் (அத ஓட்டுற புரோகிராம்) பொருந்தும் எண்டு காட்டுற "கம்பாட்டிபிள்" வரிக்குத் தமிழில "ஒத்த சில்லு" எண்டு போடுவம் எண்டு நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன், எனக்கு மனசு ஒப்பல்ல. ஒத்த எண்டா ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளணும், இஞ்ச விசயம் ஒருபக்கம்தானே. எக்ஸ்-பவர்ஸ் கம்பனிட பவர் சில்லுகளையே எடுங்களன், டிவைஸ் ட்ரீ ஃபைல்ல ஏஎக்ஸ்பி228 எழுதேக்க முதல்ல அதுட சொந்தப் பேரு, மறுகா பக்கத்தில ஏஎக்ஸ்பி221. அதாவது "என்னத் தெரிஞ்ச டிரைவர் இல்லாட்டி 221ட டிரைவரே எனக்குக் காணும்" எண்டு 228 சொல்லுது, 221 திருப்பி அப்பிடிச் சொல்லுறல்ல. 818க்கும் 813க்கும் இதே கதைதான்.

இதெல்லாம் ஏன் எழுதிவைக்கணும் எண்டு புதுசா வாற பிள்ளையள் கேப்பாங்க. யூஎஸ்பி சாமான் குத்தின உடன தான் ஆரெண்டு சொல்லும், போர்டுக்குள்ள சில்லுகள இணைக்கிற ஐ-டூ-சி வயர்ல கிடக்கிற சில்லு வாய் திறக்காது, ஃபைல்ல எழுதினதத்தான் கெர்னல் நம்பும், பிழையான ஆள எழுதி வோல்டேஜ் கூடிப்போனா போர்டே கருகலாம்.

அடுத்த தம்பி சொன்ன "குலப்பெயர்" கேக்க நல்லாத்தான் கிடக்கு, எங்கட ஊர்ல குடி கேட்டுப் பழகின வாய்க்கு உடன வரும். ஆனா டிரைவர் ஃபைலுக்கு ஏஎக்ஸ்பி20எக்ஸ் எண்டு பேரு இருந்தாலும் கம்பாட்டிபிள் வரியில அந்தமாதிரி எல்லா நம்பருக்கும் பொதுவா எக்ஸ் போட ஏலா, 202, 209 எண்டு உள்ள நம்பரத்தான் எழுதணும். குலத்தச் சொன்னா ஆளத் தெரியாதுதானே.

நான் சொல்லுறது "ஒவ்வுபெயர்". எனக்கு இறால் ஒவ்வாது எண்டு சொல்லுறம், இறாலுக்கு நான் ஒவ்வுவனோ எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல! அந்த ஒருபக்கம்தான் நமக்கு வேணும். காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில சென்னைக்குப் போய் கலைச்சொல் ஆக்க முன்னுக்கு நிண்டவர், அவர்ட மண்ணில இருந்துகொண்டு நாம "கம்பாட்டிபிள்" எண்டு அப்பிடியே விடுறதும் வெக்கம்.

---

தம்பி,

இறால் கதைக்குச் சிரிச்சிட்டன். ஒவ்வாமை எண்டா சனம் உடன டொக்டர நினைக்கும், அது ஒரு இடைஞ்சல்தான், எண்டாலும் "ஒத்த"வ விட இது சரி, நான் என்ட சொல்ல வாபஸ் வாங்குறன். ஒரு வரியில ரெண்டு மூணு பேரு வருமே, அந்த முழு வரிக்கும் "ஒவ்வுநிரல்", உள்ள ஒவ்வொண்டுக்கும் "ஒவ்வுபெயர்" எண்டு பிரிப்பம், சொந்தப் பேரு முன்னுக்கு, பொதுவானது பின்னுக்கு எண்ட ஒழுங்கும் நிரலுக்குள்ள வந்திரும். மறுகா, பின்னுக்கு வாறதுக்கு "மாற்றுப்பெயர்" எண்டு மட்டும் ஆரும் போட்டிராதீங்க, ஏலியாசஸ் எண்டு அதே ஃபைல்ல வேற ஒரு பகுதி கிடக்கு, அந்தச் சொல் அதுக்கு வேணும்.

ராவைக்குக் கலைச்சொல் பட்டியல்ல ஏத்திறன், மறுப்பு உள்ள ஆக்கள் அதுக்குள்ள எழுதுங்க.