பொய்யான உயில், பொய்யான செட்டில்மெண்ட் பத்திரம்: என்ன தண்டனை?

கேள்வி (தஞ்சை வாசகன்):
வணக்கம். தாத்தா பெயரிலிருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை, என் தந்தைக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிக்கப்படாமலே இருந்து வந்தது. அண்மையில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தபோது, பெரியப்பா மகன் முழு நிலமும் தமக்கே உரியது என்று எழுதித் தம் மனைவிக்குச் செட்டில்மெண்ட் பதிவு செய்திருப்பது தெரிந்தது. தாத்தா எழுதியதாகப் பதிவு செய்யப்படாத ஓர் உயிலைக் காட்டி, நாங்கள் நிலத்தில் தலையிடாதபடி தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை கோரி எங்கள் மீது வழக்கும் போட்டுவிட்டார். உயிலில் கையெழுத்து இருக்கிறது. தாத்தாவோ கைநாட்டு வைப்பவர். இவ்வாறு பொய்யுரிமை கொண்டாடுவோருக்குத் தண்டனை உண்டா?

மறுமொழி (வழக்கறிஞர்):
உண்டு, ஆனால் நீங்கள் ஒரே மோசடியாகக் காண்பதைச் சட்டம் மூன்று தனிச் செயல்களாகக் காண்கிறது.

செட்டில்மெண்ட்டை அவர் தம் பெயரில், தம் கையெழுத்திலேயே எழுதியுள்ளார். பிறர் சொத்தைத் தம்முடையது என்று சொல்லி எழுதிக் கொடுப்பது பொய்யே ஆனாலும், வேறொருவர் எழுதியதாகக் காட்டாத வரையில் அது ‘பொய் ஆவணம்’ புனைந்த குற்றமாகாது என்று முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. பணம் கொடுத்து வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகப் புகார் தரலாம். இங்கே பெற்றுக்கொண்டவர் மனைவி, காசே கைமாறவில்லை. ‘இது சிவில் விவகாரம்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

உயிலின் கதை வேறு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 467-ஆம் பிரிவு உயிலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதைப் போலியாகப் புனைவோருக்கு ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ, உடன் அபராதமும் விதிக்கிறது. உயிலில் எந்தத் தேதி எழுதியிருந்தாலும், உண்மையில் 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்போ புனையப்பட்டிருந்தால், அச்சட்டத்துக்குப் பதிலாக அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவு பொருந்தும், தண்டனை அதுவே.

மூன்றாவது, வழக்கு. நேர்மையற்ற நோக்கத்தோடு, பொய்யென்று அறிந்தே நீதிமன்றத்தில் உரிமை கோருவது அதே சன்ஹிதாவின் 246-ஆம் பிரிவின்படி (பழைய தண்டனைச் சட்டத்தில் 209) இரண்டாண்டு வரை சிறைக்குரியது.

மறுமொழி (பதிவுத்துறையில் ஓய்வு பெற்றவர்):
பதிவுச் சட்டம் 1908-இன் 82-ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு அலுவலர் முன் வேண்டுமென்றே பொய் சொல்வதற்கும் ஆள்மாறாட்டத்துக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆள்மாறாட்டம் இருந்தால் இப்பிரிவு உறுதியாக நிற்கும். பத்திரத்துக்குள் எழுதிய உரிமைக் கூற்றை மட்டும் வைத்து நிறுத்துவது கடினம். பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்துவிடுவார் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அதற்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த 77-அ பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வழக்கு நிலுவையில் இருக்கும்போது காவல்துறையில் புகார் தர முடியுமா?

மறுமொழி (வழக்கறிஞர்):
உயிலைப் பொறுத்து முடியும். நீதிமன்றத்தில் தாக்கலான பிறகு ஆவணத்தைத் திருத்தினால்தான் நீதிமன்றமே புகார் செய்ய வேண்டும். வெளியில் புனைந்து கொண்டுவந்ததற்கு அந்தத் தடையில்லை என்று இக்பால் சிங் மார்வா வழக்கில் (2005) ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. பொய் உரிமைகோரலுக்கும் பொய்ச் சாட்சியத்துக்கும் நீதிமன்றத்தின் எழுத்து மூலமான புகார் தேவை; அதற்கு மனுப் போடும் வழி உண்டு, ஆனால் பெரும்பாலும் தீர்ப்புக்குப் பிறகே அதை எடுத்துக்கொள்வார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-அ பிரிவில் பொய் வழக்குக்கு ஈட்டுச் செலவுத் தொகை கேட்கலாம் என்றாலும், சாதாரண வழக்குகளில் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். வாய்தாவுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

உயிலை மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. சான்றொப்பமிட்ட சாட்சி உயிரோடு இருந்தால், ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். தாத்தா முன்பு எழுதிக் கொடுத்த அடமானமோ கிரயமோ இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெருவிரல் ரேகைப் பதிவேட்டில் அவர் ரேகை இருக்கும். எதிருரை தாக்கல் செய்யும் முன் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.