கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது: பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடலாமா?

மலைப்பாதை:
வணக்கம். கோவையில் இருக்கிறேன். 2013 மாடல் பெட்ரோல் செடான், 5 கியர், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. போன வருடம்தான் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றினேன். பிளேட் வழுக்கவில்லை. ஆனால் பெடலில் உயிரே இல்லை. தரையிலிருந்து இரண்டு விரல் எழுந்ததுமே பிடித்துவிடுகிறது, அதுவும் எந்த இடத்தில் என்று காலுக்குத் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறு பக்கம் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனால், அந்த இடம் இன்னும் கீழே இறங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று சத்தம்.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை, பெரிய போர் (உள்விட்டம்) உள்ளதாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள் பட்டறையில். இப்போது இருப்பது 15.87 மி.மீ., போடப்போவது 19.05 மி.மீ. அந்த ஆயிலை வாங்கி கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் 20.64 மி.மீ., அது அப்படியே இருக்கும். செய்யலாமா?

பழைய கியர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் கணக்கைப் பாருங்கள். அழுத்தம் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 19.05-ஐ 15.87-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.44 வரும். இன்று 10 கிலோ கேட்கிற பெடல் நாளைக்கு 14 கிலோவுக்கு மேல் கேட்கும். பிடிக்கத் தொடங்குவதற்கும் முழுதாகப் பிடிப்பதற்கும் நடுவே இப்போது 3 செ.மீ. இருந்தால் அது 2 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் கேட்பது துல்லியம், கிடைக்கப்போவதோ கனமும் படபடப்பும். காந்திபுரம் நெரிசலில் ஒரு வாரம் ஓட்டினால் முழங்கால் சொல்லும்.

இன்னொன்று. பெடலைத் தரைவரை மிதித்தால் ஸ்லேவ் பிஸ்டனும் 44 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி வளைத்துவிடும். பெடலுக்கு ஸ்டாப்பர் வைக்காமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அளந்து பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மாஸ்டரின் புஷ் ராடு (பெடல் தள்ளுகிற கம்பி) எத்தனை மி.மீ. நகர்கிறது, கீழே ஸ்லேவின் ராடு எத்தனை நகர்கிறது? உங்கள் அளவுகளுக்கு இரண்டு பிஸ்டன்களின் பரப்பு விகிதம் 1.69. மேலே 25 நகர்ந்தால் கீழே 14.8 வரவேண்டும். வராத மில்லிமீட்டர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியேதானே இருக்கிறது? சில கார்களில் அது பேரிங்கோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். அப்படியென்றால் கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது.

நான்காவது கியர்:
டிலே வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள் நண்பரே. பி.எம்.டபிள்யூ இ46 ஓட்டுபவர்கள் முதலில் கழற்றுவதே அதைத்தான். ஸ்லேவுக்குப் போகும் லைனில் சின்னத் துளை உள்ள ஒரு துண்டு. பெடலைச் சட்டென்று விட்டாலும் ஆயில் மெதுவாகத்தான் திரும்பும், கிளட்ச் காலுக்குப் பின்னால் தாமதமாக வரும்.

பழைய கியர்:
அது இருந்தால் வேகமாக கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். எகிறும், கிளட்ச் வழுக்குவதுபோல் தோன்றும். தம்பி சொல்வது அதுவல்ல. பிடிக்கும் இடம் கீழே இருப்பதற்கும் ரிவர்ஸ் உரசுவதற்கும் கிளட்ச் முழுதாக விடுபடாததே காரணம். வால்வைக் கழற்றினால் அது தீராது. கியர்பாக்ஸுக்கு அதிர்ச்சி போகாமல் இருக்கத்தான் அதை வைக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மலைப்பாதை:
அளந்துவிட்டேன் அண்ணா. ஸ்லேவ் வெளியேதான் இருக்கிறது, டிலே வால்வு இல்லை. மேலே 25, கீழே 11. கிட்டத்தட்ட 4 மி.மீ. காணோம்! மனைவியை மிதிக்கச் சொல்லி ரப்பர் ஹோஸை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் மண்புழு மாதிரி உப்பி அடங்குகிறது. மாஸ்டரிலும் ஸ்லேவிலும் கசிவு இல்லை. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பிடிக்கும் இடம் கொஞ்சம் மேலே வருகிறது.

பழைய கியர்:
மிதிக்க மிதிக்க மேலே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. உப்புவது ஹோஸ். இரண்டும் உங்களிடம் உண்டு. முதலில் ஏர் எடுங்கள் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்), அளந்துவிட்டு ஹோஸுக்குப் போங்கள்.

டாட் 4 பிரேக் ஆயில், சீல் உடைக்காத புது டின். அது ஈரத்தை இழுக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 155 டிகிரி. மலையில் சூடானதும் பெடல் இறங்குவதற்கு இதிலும் பங்கு இருக்கும். பல கார்களில் பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கும். அதைக் காலியாக விட்டால் பிரேக்கிலும் காற்று ஏறிவிடும், கண்ணை எடுக்காதீர்கள். பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜே.சி.பி. மாதிரி இயந்திரங்களுக்கு ஹோஸ் செய்து தரும் கடையில் வாங்காதீர்கள். அங்கே உள்ளே இருப்பது பெரும்பாலும் மினரல் ஆயிலுக்கான நைட்ரைல் ரப்பர், பிரேக் ஆயில் பட்டால் ஊறிவிடும். பிரேக்குக்கென்றே செய்த, உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ளதாக வாங்குங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

மலைப்பாதை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வெளியே வந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஏர் எடுத்ததும் 11 மி.மீ. 12.5 ஆனது. ஹோஸ் மாற்றியதும் 14. ரிவர்ஸில் சத்தம் போய்விட்டது. பெடல் கனம் ஏறவில்லை, ஆனால் பிளேட் தொடுகிற இடம் இப்போது காலுக்குத் தெரிகிறது! நேற்று குன்னூர் போய்வந்தேன், இறங்கவே இல்லை. பெடல் பின்னும் தேய்ந்து ஓவல் ஆகியிருந்தது, அதையும் மாற்றினேன். பிடிக்கும் இடத்தை இன்னும் ஒரு விரல் மேலே கொண்டுவர புஷ் ராடை நீட்டலாமா அண்ணா?

பழைய கியர்:
வேண்டாம் தம்பி. ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியைத் தின்றுவிட்டால், பெடலை விட்ட பிறகும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது கிளட்சைத் தானே மிதிக்கும், புது பிளேட் மலையிலேயே கருகும். பெடலின் தலையை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சும்மா ஆடுகிற தூரம் எவ்வளவு?

மலைப்பாதை:
6 மி.மீ. இருக்கிறது அண்ணா. கையேட்டில் 5 முதல் 10 என்று போட்டிருக்கிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.