ஆர்ச் போட்டாச்சு, ரீபூட்டுக்கு அப்புறம் வைஃபை இல்லை

கேள்வி:
நேத்து ராத்திரி லேப்டாப்ல ஆர்ச் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன், டெஸ்க்டாப் எதுவும் இல்லாம, வெறும் கருப்புத் திரையோட. பென்டிரைவ்ல பூட் பண்ணப்போ ஐடபிள்யூசிடிஎல்ங்கிற கமாண்டுல வைஃபை உடனே கிடைச்சுது. ரீபூட் பண்ணா அந்தக் கமாண்டே இல்லைங்குது. நெட்வொர்க் கார்டுகளைக் காட்டுற ஐபி லிங்க் கமாண்டை அடிச்சா, வைஃபை கார்டுக்கு முன்னாடி இருந்த டபிள்யூலேன்0ங்கிற பெயரைக் காணோம். அதுக்குப் பதிலா டபிள்யூஎல்பி3எஸ்0ன்னு ஒண்ணு, டவுன்னு காட்டுது. லேப்டாப்ல லேன் போர்ட்டும் கிடையாது. நெட் இல்லாம பேக்கேஜை எப்படி இறக்குறது?

பதில்:
பெயர் தெரியுதுல்ல, அப்போ கார்டு செத்துப்போகலை. டிரைவரும் பெரும்பாலும் ஏறியிருக்கும். கார்டு இருக்கிற இடம் பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0, அதான் அந்தப் பெயர். வைஃபையைப் பார்த்துக்கிற ஐடபிள்யூடி பேக்கேஜ் (ஐடபிள்யூசிடிஎல் கமாண்டும் அதோடதான் வரும்) இருந்தா பழைய டபிள்யூலேன்0 பெயரை மாத்தாம விடும். உங்க சிஸ்டத்துல அது இல்லைங்கிறதுக்கு இதுவே சாட்சி. பென்டிரைவ்ல இருந்தது எதுவும் தானா டிஸ்க்குக்கு வராது, இன்ஸ்டால் பண்றப்போ பேக்ஸ்ட்ராப் கமாண்டுல நீங்க சொன்னது மட்டும்தான் வரும். நானும் முதல் தடவை இதே இடத்துல நின்னிருக்கேன், அழிச்சுட்டு மறுபடி போட்டுடாதீங்க.

திரும்பப் பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. வைஃபையைப் பிடிச்சு, ரூட் பார்ட்டிஷனை எம்என்டில மவுண்ட் பண்ணி, ஆர்ச்-க்ரூட் கமாண்டால டிஸ்க்ல போட்ட சிஸ்டத்துக்குள்ள போய், பேக்கேஜை இறக்குற பேக்மேன் -எஸ் ஐடபிள்யூடி கமாண்டை அடிங்க. வெளிய வர்றதுக்கு முன்னாடி சிஸ்டம்சிடிஎல் கமாண்டுல ஐடபிள்யூடியை எனேபிள் பண்ணிடுங்க, அப்போதான் பூட் ஆகுறப்போ தானா ஓடும்.

பதில்:
வைஃபை அணைஞ்சிருக்கான்னு காட்டுற ஆர்எஃப்கில் லிஸ்ட்டும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. சாஃப்ட் பிளாக்டு எஸ்னு இருந்தா ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை போதும். ஹார்டு பிளாக்டுன்னா லேப்டாப்ல இருக்கிற சுவிட்சையோ ஃபங்ஷன் கீயையோதான் தட்டணும், கமாண்டால ஆகாது.

கேட்டவர்:
பிளாக் எதுவும் இல்லை. ஐடபிள்யூடி போட்டேன், டபிள்யூலேன்0 திரும்ப வந்துடுச்சு! ஐடபிள்யூசிடிஎல் கனெக்டட்ங்குது. ஆனா ஐபி அட்ரஸ் கமாண்டுல முகவரியைக் காட்டுற ஐனெட் வரியே வரலை.

முதல் பதில் சொன்னவர்:
ரூட்டரோட சேர்றது வேற, முகவரி வாங்குறது வேற. ஐடபிள்யூடி சும்மா விட்டா முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இடிசி/ஐடபிள்யூடி/மெயின்.கான்ஃப்னு ஒரு ஃபைல் உருவாக்கி, ஜெனரல் பகுதியில எனேபிள்நெட்வொர்க்கான்ஃபிகரேஷன்=ட்ரூன்னு எழுதுங்க. அப்போ ரூட்டர்கிட்ட முகவரி வாங்குற டிஹெச்சிபி வேலையையும் அதுவே பார்த்துக்கும். சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பழைய குறிப்பைப் பார்த்து வைஃபைக்கான இன்னொரு புரோகிராமான டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டையும் கூடவே ஓட்டிடாதீங்க, ஒரே கார்டுக்கு ரெண்டும் அடிச்சுக்கும்.

அதுக்கப்புறம் 1.1.1.1க்கு பிங் போய், தளத்தோட பெயருக்கு மட்டும் போகலைன்னா மீதி இருக்கிறது பெயரை முகவரியா மாத்துற டிஎன்எஸ்தான். அதைப் பார்த்துக்கிற சிஸ்டம்டி-ரிசால்வ்டை எனேபிள் பண்ணி ஸ்டார்ட் பண்ணுங்க.

கேட்டவர்:
நீங்க சொன்ன மாதிரியே டிஎன்எஸ்லதான் நின்னுது. ரிசால்வ்டை ஸ்டார்ட் பண்ணதும் பெயருக்கும் பிங் போகுது. இப்போ சிஸ்டத்தை அப்டேட் பண்ற பேக்மேன் -எஸ்ஒய்யு ஓடிட்டிருக்கு. ரொம்ப நன்றிங்க.