ஐப்பசி முதல் தை வரை பசுமைக்குடிலையும் கோழிகளையும் காப்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி அருகிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பத்து சென்ட் பரப்பில் பாலித்தீன் கூரையிட்ட பசுமைக்குடிலும், அதன் கிழக்கே கோழிக் கொட்டகையும் அமைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குடிலில் வெள்ளரி பயிரிடுகிறோம். கொட்டகையில் நூற்றிருபது கிராமப்பிரியாக் கோழிகள் இருக்கின்றன.

கோடையை ஒருவாறு சமாளித்துவிட்டோம். ஆனால், சென்ற ஆண்டு அடைமழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே நாள்தோறும் அறுபதுக்குக் குறையாமல் கிடைத்த முட்டை இருபதாகக் குறைந்தது. சாரலும் வாடைக்காற்றும் தாக்கக் கூடாது என்று நான்கு பக்கமும் படுதா கட்டி மூடியும் தரையில் பரப்பிய உமி நசநசவென்று ஈரமாகிவிட்டது. புதிதாக வாங்கிய ஐம்பது குஞ்சுகளில் பாதிக்கு மேல் இரத்தக்கழிச்சலில் இறந்தன. கார்த்திகை முடிவதற்குள் வெள்ளரி இலைகள் அனைத்தும் அடிச்சாம்பல் நோயால் மஞ்சளாகிக் கருகின. இந்த ஆண்டு மழைக்காலத்தில் குடிலை வெறுமையாக விட்டுவிடலாமா, கோழிகளுக்கு மின்விளக்கு போட்டால் முட்டை கூடுமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஒரத்தநாடு)

வணக்கம் சகோதரி. பதினான்கு ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

நம் பகுதியில் மார்கழிப் பனி கோழியைக் கொல்வதில்லை. நன்கு வளர்ந்த கோழிக்கு நம்மூர்க் குளிர் ஒரு பொருட்டே அன்று. அதைக் கெடுப்பது ஈரம்தான். நான்கு பக்கமும் படுதாவைக் கட்டியதுதான் நீங்கள் செய்த முதல் பிழை என்று நினைக்கிறேன். கோழிகள் விடும் மூச்சும் எச்சமும் சேர்ந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உமியிலேயே தங்கிவிடும். எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் அந்த வெதுவெதுப்பான ஈரத்தில்தான் முதிர்ந்து நோய் பரப்பும் நிலையை அடையும். விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். படுதாவைக் கீழிருந்து மேலாக இழுத்துக் கட்டி, கூரைக்குக் கீழே ஓர் அடி இடைவெளி எப்போதும் திறந்திருக்குமாறு விடுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் உயர்த்தினால் போதும்.

உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நன்று. உருண்டையாக நின்றால் அன்றே அதை அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத்தூள் தூவிப் புதிய உமி பரப்ப வேண்டும். அரிசி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டங்களில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே காய்ந்த உமியை மூட்டை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்த பிறகு கிடைப்பது நனைந்த உமியாகத்தான் இருக்கும்.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் தேவை. மார்கழியில் நமக்குப் பகற்பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான், மேகமூட்டம் வேறு. ஆகவே விளக்கு பயன் தரும். மாலையில் நீட்டிப்பதைவிட அதிகாலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டு விடிந்ததும் அணைப்பது நல்லது. மாலையில் திடீரென்று விளக்கு அணைந்தால் பரணில் ஏற முடியாமல் கோழிகள் மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கும். வாரத்திற்கு அரை மணி நேரம் வீதம் படிப்படியாகக் கூட்டுங்கள். இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் கோழிகள் விளக்கு போட்டாலும் உடனே முட்டையிடா. அவற்றுக்கு நல்ல தீவனம் கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும்.

தீவனத்தையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுப்பதோடு எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால், தடுப்பூசி போட்ட கோழிக்குக்கூட நோய் வரும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பலகையின் மேல் அடுக்கி, இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருப்பு வைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமைக் கால்நடைத்துறை வழக்கமாகப் பிப்ரவரியில்தான் நடத்துகிறது. அதற்காகக் காத்திராமல், மழைக்கு முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். கொசு பெருகும் காலம் என்பதால் அம்மைத் தடுப்பூசியும் வேண்டும்.

பதில் 2 (திருவையாறு)

மேலே சொல்லப்பட்டது குடிலுக்கும் அப்படியே பொருந்தும். அடிச்சாம்பல் நோய் பரவுவதற்கு இலையின் மேல் சில மணி நேரம் நீர் படிந்திருந்தாலே போதும். இரவெல்லாம் மூடிவைத்த குடிலில் விடியற்காலை பாலித்தீனிலிருந்து சொட்டும் நீரே அந்த வேலையைச் செய்துவிடும். மழை விட்ட நேரங்களிலெல்லாம் பக்கத்திரையைச் சுருட்டி வையுங்கள். சொட்டுநீரைக் காலையில் மட்டும் விடுங்கள். தரையைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளி எடுத்துக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். கோழி எச்சத்தைப் பச்சையாகப் பாத்தியில் இடுவதாக இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். மூடிய குடிலில் அதன் ஆவி இலையோரங்களைக் கருக்கிவிடும். தென்னைநார்க் கழிவுடன் சேர்த்து நன்றாக மட்கிய பின்பே இட வேண்டும்.

குடிலை வெறுமையாக விட வேண்டியதில்லை. ஆனால் கார்த்திகையில் வெள்ளரி வேண்டாம் என்பது என் கருத்து. குழித்தட்டுகளில் தைப்பட்டத்திற்கான நாற்றுகளை வளர்த்துப் பாருங்கள். கத்தரியும் தக்காளியும் 25 நாட்களில், மிளகாய் 35 முதல் 40 நாட்களில் நடவுக்கு வந்துவிடும். திறந்த வெளியில் நாற்றுகள் மழையில் அழுகும் அந்தக் காலத்தில், கொள்ளிடக் கரைப் படுகைகளில் காய்கறி நடுகிறவர்கள் நல்ல நாற்று எங்கே கிடைக்கும் என்று தேடி அலைவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி கேட்க வேண்டும். குடிலின் கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது? பத்து சென்ட் கூரையில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் இறங்கும். உங்கள் பக்கம் களிமண். அவ்வளவு நீரை அது குடிக்காது.

பதில் 3 (வேதாரண்யம்)

புயலையும் மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது என் குடிலின் பாலித்தீனைக் கழற்றாமல் விட்டிருந்தேன். காற்று உள்ளே புகுந்து, விரிப்போடு சேர்த்துக் குழாய்களையும் பிடுங்கி முறுக்கிவிட்டது. சாதாரணக் காற்றுக்குக் கதவையும் திரையையும் இறுக மூடி, கால்களை இணைப்புக் கம்பியால் தரையோடு பிணைத்தால் போதும். கடும் புயல் நம் கரையை நோக்கி வருகிறது என்று வானிலை மையம் உறுதியாகச் சொன்னால், முதல் நாளே விரிப்பைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். விரிப்பை மறுபடி வாங்கலாம். சட்டத்தை மறுபடி நிறுத்த எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திருவையாற்று ஐயாவின் கேள்வியைப் படித்ததும் நேற்று மாலை பெய்த மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குடிலின் கிழக்குப்புறக் கூரை நீர் முழுவதும் நிலச் சரிவில் ஓடிக் கோழிக் கொட்டகையின் அடியில்தான் தேங்குகிறது. மேலே படுதா கட்டிக் காத்த கோழிகள் கீழிருந்து நனைந்திருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கூரையோரம் வடிகுழாய் பொருத்தி, நீரை வடக்கே உள்ள வடிகால் வாய்க்காலில் சேர்க்க ஆள் சொல்லிவிட்டேன். கொட்டகைத் தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும்?

பதில் 1 (ஒரத்தநாடு)

வயல் மட்டத்திலிருந்து இரண்டு அடிக்குக் குறையாமல் உயர்த்துங்கள். சுற்றிலும் ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, அதையும் வடிகாலோடு இணையுங்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகே உமியைப் பரப்ப வேண்டும். அதுவரை புதிய குஞ்சுகளை வாங்க வேண்டாம்.