‘ஷெர்லாக்’ முதல் எபிசோடு: நாவல் படித்தவள் பார்த்தபோது

பி.பி.சி.யின் ‘ஷெர்லாக்’ பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த பெனடிக்ட் கம்பர்பேட்ச்சில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் எபிசோடு பார்த்து முடித்தபோது என் மனதில் நின்றவர் ஹோம்ஸின் நண்பர் வாட்சன். தொடரே அவரிடம்தான் தொடங்குகிறது. போர்க்களக் கனவிலிருந்து அலறி எழுகிறார். வெறிச்சென்று ஓர் அறை, ஒரு கைத்தடி, மேசை இழுப்பறையில் துப்பாக்கி, ஒரு வரிகூட எழுதாத வலைப்பூ. ஹோம்ஸ் கண்ணில் படவே நேரமாகிறது.

ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலும் இப்படித்தான் தொடங்கும். 1887இல் வந்தது. ஆப்கானிஸ்தானில் குண்டடி பட்டு, லண்டனில் நாதியற்றுத் திரியும் ராணுவ டாக்டர். தொடர் ஒளிபரப்பான 2010 ஜூலையிலும் பிரிட்டிஷ் படை ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது. நூற்றுச் சொச்சம் வருடம் தள்ளிக் கதையைக் கொண்டுவந்தும் அந்த இடத்தைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வாட்சனின் கால். டாயில் முதல் நாவலில் குண்டு தோளில் பாய்ந்ததாக எழுதிவிட்டு, இரண்டாவது நாவலில் காலில் என்று எழுதினார். ஹோம்ஸ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொடர் இரண்டையும் வைத்துக்கொண்டது. குண்டு பாய்ந்தது தோளில்தான், ஆனால் நொண்டுவது கால். உடம்பில் கோளாறு இல்லை, மனக்காயம். அப்புறம் ஒரு டாக்ஸியைத் துரத்தி இரண்டு பேரும் மாடிக்கு மாடி தாவி ஓடுகிறார்கள். கைத்தடி சாப்பாட்டுக் கடையிலேயே கிடக்கிறது, வாட்சனுக்கு அது ஞாபகமே இல்லை. எழுத்தாளர் விட்ட ஒரு முரணை இப்படி ஒரு மனிதனின் வலியாகவே மாற்றிவிட்டார்களே என்று அசந்துபோனேன். டாயிலைக் கரைத்துக் குடித்தவர்களால்தான் இது முடியும். தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் அப்படிப்பட்டவர்கள்.

அடுத்தது செல்போன். ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் வாட்சன் ஒரு பழைய பாக்கெட் கடிகாரத்தை ஹோம்ஸிடம் தருவார். சாவித் துளையைச் சுற்றியிருக்கும் கீறல்களைப் பார்த்தே அதை முன்பு வைத்திருந்த வாட்சனின் அண்ணன் குடிகாரர் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். தொடரில் அந்தக் கீறல் வாட்சனின் போனில் சார்ஜர் செருகும் இடத்துக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் வாட்சன் கோபப்படுவார், அண்ணனைப் பற்றி முன்பே துருவி விசாரித்துவிட்டு நடிக்கிறாரோ என்று. இங்கே வாட்சனாக நடிக்கும் மார்ட்டின் ஃப்ரீமன் வியந்து பாராட்டுகிறார். மற்றவர்கள் போய்த் தொலை என்பார்களே என்று ஹோம்ஸே ஆச்சரியப்படுகிறார். இவர்கள் நட்பு ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. தொடரில் அண்ணன் என்று ஹோம்ஸ் கணித்தவர் உண்மையில் வாட்சனின் சகோதரி என்பது கூடுதல் ருசி. புத்தகம் படித்தவர்களும் அங்கே ஏமாறுவார்கள்.

கொலை நடந்த இடத்தில் எழுதப்படும் ‘ராஹே’ (Rache) என்ற சொல்லிலும் அப்படியே. முதல் நாவலில் ரேச்சல் (Rachel) என்ற பெண் பெயர் பாதியில் நின்றதாக போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் நினைப்பார், இல்லை, ஜெர்மனில் பழிவாங்கல் என்பார் ஹோம்ஸ். தொடரில் அது தலைகீழ். அது ஜெர்மன் சொல் என்று சொல்பவரை விரட்டிவிட்டு ரேச்சல் என்கிறார் ஹோம்ஸ்.

என் தங்கை ஒரு ஹோம்ஸ் கதைகூடப் படித்ததில்லை. “இவன் ஏன் யாருக்கும் போன் பண்ணாம மெசேஜே அனுப்புறான்?” என்று கேட்டாள். டாயிலின் ஹோம்ஸ் தந்திப் பிரியர், தந்தி போதுமென்றால் கடிதம் எழுத மாட்டார் என்று சொன்னேன். போலீஸின் செய்தியாளர் கூட்டத்தில் எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் ‘தவறு’ என்று வந்து விழும் காட்சி அவளுக்கு அவ்வளவு பிடித்தது. எழுத்துகள் திரையிலேயே மிதந்து வருவதால் போனைக் குளோசப்பில் காட்டும் அலுப்பும் இல்லை.

எனக்குக் குறையாகப் பட்டது கொலைக்கான காரணம். இரண்டு மாத்திரை, ஒன்றில் விஷம், நீயே எடு, மிச்சம் எனக்கு. முதல் நாவலிலும் கொலைகாரன் வண்டிக்காரன்தான், அவனுக்கும் உயிர் போகும் நோய்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு காதலும், அமெரிக்காவிலிருந்து லண்டன்வரை விடாமல் தொடரும் வஞ்சமும் இருக்கும். செத்தவர்களைவிட அவன்மேல்தான் நமக்கு இரக்கம் வரும். தொடரின் டாக்ஸி டிரைவர் முன்பின் தெரியாதவர்களைக் கொல்கிறான், தன் பிள்ளைகளுக்குப் பணம் சேர. பின்னால் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி பெயர் வர வேண்டும் என்பதற்காக இப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் கதையின் நெஞ்சைப் பிடுங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

ஜெரிமி பிரெட் ஹோம்ஸாக நடித்த பழைய கிரனாடா டி.வி. தொடரை வைத்து இதை எடைபோடுபவர்களையும் பார்க்கிறேன். அது டாயில் எழுதியதைப் பக்கம் பக்கமாகக் கண்முன் நிறுத்தியது. எனக்கு அந்த ஹோம்ஸும் வேண்டும், இந்த வாட்சனும் வேண்டும்.

முதல் சீசனின் இரண்டாவது எபிசோடு சுமார்தான். மூன்றாவது அப்படியே உட்கார வைத்துவிடும், ஆனால் நீச்சல் குளத்தில் கதை அந்தரத்தில் நிற்கும். ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் அடுத்த சீசனுக்கு 2012 ஜனவரிவரை காத்திருந்தார்கள். உங்களில் அப்படிக் காத்திருந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நாவல் படிக்காமல் மாத்திரைக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த டிரைவர்மேல் இரக்கம் வந்ததா என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை. என் தங்கைக்கு வரவில்லை.