ஓப்பன்எஸ்எஸ்எச் சோர்ஸ் கோடு: வழி தெரிந்தவர்கள் கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக ஓப்பன்எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் மென்பொருள்) கோடைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும். பப்ளிக் கீ லாகின் (பாஸ்வேர்டுக்குப் பதில் கீ ஜோடியை வைத்து நுழைவது) உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஃபோல்டரைத் திறந்ததும் தலை சுற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட சி ஃபைல்கள், கிளையன்ட், சர்வர், கீ உருவாக்கும் கீஜென் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கின்றன. சரி, பெயரை வைத்துப் பிரிக்கலாம்: 'ஆத்2' என்று தொடங்குபவை சர்வர் பக்கம், 'எஸ்எஸ்எச்கனெக்ட்' கிளையன்ட் பக்கம், 'கெக்ஸ்' என்றால் கீ பரிமாற்றம். டெஸ்ட்டுகளுக்கு 'ரெக்ரெஸ்' என்று தனி ஃபோல்டர். இதுவரை பிரச்சினை இல்லை.

சிக்கல் 'ஆத்2-பப்கீ.சி'யில். அங்கிருந்து 'எம்எம்_கீ_அலோட்' ஃபங்ஷனுக்குப் போனால், அது எதையும் சரிபார்ப்பதில்லை. கீயை ஒரு மெசேஜாகக் கட்டி, சாக்கெட் ஜோடி (இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் சொல்வது 'மானிட்டர்.சி'யில் உள்ள டேபிள் வழியாக, அதிக உரிமையுள்ள இன்னொரு ப்ராசஸ். பாதுகாப்புக்காகப் பிரித்திருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் ஜிடிபி டிபக்கரில் ஒரு ப்ராசஸைப் பிடித்தால் மற்றது நழுவிவிடுகிறது! 2024இல் வந்த 9.8 வெர்ஷனில் செஷனைக் கவனிக்கும் பகுதியைத் தனி பைனரி (தனி ப்ரோகிராம் ஃபைல்) ஆக்கினார்கள், அடுத்த வருடம் 10.0இல் ஆத் (லாகினைச் சரிபார்க்கும்) பகுதியும் தனியாகிவிட்டது. பழைய விளக்கப் படங்கள் எதுவும் பொருந்தவில்லை.

இரண்டு ப்ராசஸையும் ஒன்றாகப் பின்தொடர நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இல்லை, கற்றுக்கொள்ள, இப்படித் தனி பைனரிகளாகப் பிரிப்பதற்கு முந்தைய 9.7ஐயே எடுத்துக்கொள்வது நல்லதா?